வாசகர் கேள்வி: கச்சேரி செய்ய வந்தவர்கள் வீட்டில் தங்கினால்…

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் ராமநவமிக் கச்சேரிக்குப் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று நான்கு பேர் வருகிறார்கள். ராத்தங்கல் எங்கள் வீட்டில். இரண்டு அறை, ஒரே குளியலறை. என்ன ஏற்பாடு செய்யலாம்?
— வாசகி, மன்னார்குடி

பதில்: இரண்டு நாள் முன்பே போன் செய்து சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், வெங்காயம் பூண்டு உண்டா, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது எது, கூட யாராவது வருகிறார்களா. தம்புராவுக்கு என்று ஒரு சிஷ்யை சேர்ந்து வருவது சகஜம். பாய் தலையணை ஒன்று அதிகமாகவே இருக்கட்டும்.

பாடுகிறவருக்கு அடுக்களையை விட்டுத் தள்ளி இருக்கும் அறையைக் கொடுங்கள். ஏசி நேரே முகத்தில் அடிக்காதபடி கட்டிலைத் திருப்பிப் போட்டு 26, 27 டிகிரியில் வையுங்கள். கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் அன்று வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். மிளகாய் தாளிக்கும் கமறல் தொண்டையைப் பிடித்தால் அன்றைய மேல் ஸ்தாயி போயிற்று. ஒரு பிளாஸ்கில் வெந்நீர் தலைமாட்டில் இருக்கட்டும்.

குளியலறையில்தான் நெரிசல் வரும். 15 லிட்டர் கீசர் ஒருவர் குளித்த பின் மறுபடி சூடாகக் கால் மணி நேரமாவது பிடிக்கும். நான்கு பேர் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் முதல் ஆள் ஐந்துக்கே குளிக்கப் போக வேண்டும். முறையை முதல் நாளே பேசிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியும் வெள்ளைத் துணி விரித்த மேஜையும் மாலை ஐந்து மணிக்குத் தயாராக இருந்தால் வேட்டி, பட்டுப்புடவை எல்லாவற்றுக்கும் உதவும்.

கேள்வி: மிருதங்க வித்வான் ரவை கேட்டால் எந்த ரவை கொடுப்பது? வாத்தியங்களை ராத்திரி எங்கே வைப்பது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: மெல்லிய ரவையாக ஒரு கைப்பிடி போதும், ஒரு கிண்ணம் தண்ணீருடன். அதைப் பிசைந்து, தொப்பி எனப்படும் இடப் பக்கத் தோலின் நடுவே அப்புவார். தோலுக்குக் கனம் ஏறி நாதம் கீழே இறங்கும். இப்போது பலர் ரவைக்குப் பதில் வேறு பசை ஒட்டிக்கொள்கிறார்கள், அதனால் முன்கூட்டிக் கேளுங்கள். கச்சேரி முடிந்ததும் ரவையைச் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். துணுக்கு மிச்சமிருந்தால் எலியும் கரப்பானும் தேடி வரும், தோலையும் கடித்துவிடும். அதனால் மிருதங்கத்தை உறைக்குள் போட்டு, தரையில் வைக்காமல் பெஞ்சின் மேல் படுக்க வையுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் சாய்க்காதீர்கள்.

தோல் காற்றுக்கு ஏற்ப மாறும். ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும். வெயிலிலும் ஏசியின் உலர்ந்த காற்றிலும் இறுகி ஏறும். ராத்திரி முழுக்க ஏசியில் இருந்ததை நேரே மேடைக்குக் கொண்டுபோனால், கல்லாலும் கட்டையாலும் தட்டித் தட்டி அவர் சுருதி சேர்த்துக்கொண்டே இருக்க நேரும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பாவது சாதாரணக் காற்றுக்கு வந்துவிட வேண்டும். ‘கொஞ்சம் காயட்டும்’ என்று நீங்களாக வெயிலில் வைத்துவிடாதீர்கள்! வீணை இன்னும் ஜாக்கிரதை: தந்திக்குக் கீழே வரிசையாக இருக்கும் மெட்டுக் கட்டைகள் மெழுகில் பதித்தவை, பூட்டிய காருக்குள் மத்தியானம் விட்டால் மெழுகு இளகிவிடும். கடம் துணிச் சும்மாட்டின் மேல், குழந்தைகள் ஓடும் வழியை விட்டு மூலையில் இருக்கட்டும்.

வண்டி பேசும்போதும் வாத்தியத்தை எண்ணுங்கள். மிருதங்கமே இரண்டு வரலாம், சுருதிக்கு ஒன்றாக. நான்கு பேரும் வாத்தியங்களும் சின்னக் காரில் அடங்காது.

கேள்வி: சாப்பாடு?
— வாசகி, கரூர்

பதில்: கச்சேரி ஏழு மணிக்கென்றால் நாலரைக்குள் இரண்டு மூன்று இட்லி, காபி. வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காது. பாதாம் அல்வா, வடை என்று ஆசையாய்ச் செய்து ‘இன்னும் ஒன்று’ என்று வற்புறுத்துவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் சுடச்சுட ரசம் சாதம், சுட்ட அப்பளம், அல்லது தோசை. தயிரைச் சிலர் விரும்புவார்கள், சிலர் தொட மாட்டார்கள்; தனியாக வையுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரு பாட்டு பாடச் சொல்லலாமா? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடலாமா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: கச்சேரிக்கு முன்னால் கூடாது. காலையில் அவர்களாகவே சாதகம், அதாவது பயிற்சி, செய்தால், கூடத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் கேளுங்கள், செல்போனில் பதிவு செய்யாமல்.

கேள்வி: கிளம்பும்போது என்ன கொடுப்பது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: சம்பாவனை, அதாவது கச்சேரிக்கான பணம், கச்சேரி ஏற்பாடு செய்தவர்களின் பொறுப்பு. நீங்கள் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு வேட்டியோ ரவிக்கைத் துணியோ வைத்துக் கொடுங்கள். பாடகருக்குப் பட்டு, பக்கவாத்தியக்காரர்களுக்குத் துண்டு என்று பிரிக்க வேண்டாம். நான்கு தட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். ரயிலுக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லி, புளியோதரை இரண்டும் தாங்கும். தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குள் ஊசிவிடும், கட்டாதீர்கள்.