ஸ்கேன் அறைக்குப் போகும் மகள் முதலில் பழக வேண்டியவை

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி சேர்ந்திருக்கிறாள். போஸ்டிங்கில், அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறைப் பயிற்சியில், நோயாளியைக் கூட்டி வருவது, போர்த்திவிடுவது, ஜெல் துடைப்பது என்றே நாள் போகிறது, மெஷினைத் தொடவே விடுவதில்லை, கட்டிய பணம் வீண்தானோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை அம்மா. அந்த வேலையை அவள் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறாளா என்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது.

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் சோனோகிராபர் என்ற டெக்னீஷியனே புரோபைப் (உடல்மேல் வைத்து நகர்த்தும் கருவி) பிடித்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்கிறார். நம் நாட்டில் அது டாக்டரின் வேலை; கர்ப்பிணிக்கான ஸ்கேன் என்றால் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே 'ஆறு மாதம் படித்தால் ஸ்கேன் சென்டர் வைக்கலாம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். இங்கே டெக்னீஷியனுக்கு மதிப்பு, நோயாளியைத் தயார்செய்து டாக்டர் முன் கிடத்தும் விதத்தில் இருக்கிறது. தயாரிப்பு தப்பினால் எவ்வளவு விலை உயர்ந்த மெஷினிலும் படம் தெரியாது.

வயிற்று ஸ்கேனுக்கு 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி வருகிறவர், பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு டீ குடித்துவிடுவார். கேட்டால் 'ஒண்ணும் சாப்பிடலை' என்பார், டீ அவர் கணக்கில் சாப்பாடு இல்லை. பாலில் உள்ள கொழுப்பு பித்தப்பையைச் சுருங்க வைக்கும். சுருங்கிய பையில் கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. எனவே 'சாப்பிட்டீங்களா' என்று மட்டும் கேட்டால் போதாது. 'டீ, காபி, பால் ஏதாவது குடிச்சீங்களா, பீடி பிடிச்சீங்களா' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். புகைக்கும்போது விழுங்கும் காற்று குடலில் சேர்ந்து படத்தை மறைக்கும்.

இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சர்க்கரை நோயாளி வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு பட்டினியாக வரிசையில் உட்கார்ந்திருப்பார். வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்று எதைக் கண்டாலும் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்க முடிகிறவராக இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலையில் முதல் டோக்கன் கொடுக்கச் சொல்லும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

அடிவயிற்று ஸ்கேன் என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே 4 முதல் 6 டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிவிடும். அதன் வழியாகக் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும். டயாலிசிஸ் செய்கிறவர், இதய நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் ஆகியோரிடம் 'குடிங்க, குடிங்க' என்று வற்புறுத்தவே கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனுக்கு நேர்மாறாகச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும்.

வார்டிலிருந்து கத்தீட்டரோடு (சிறுநீர் வெளியேறப் போட்ட குழாய்) வருகிறவரிடம் கூடுதல் கவனம் தேவை. சிறுநீர்ப்பை நிறைவதற்காக டாக்டர் சொல்லிக் குழாயை கிளாம்ப் போட்டு அடைத்திருப்பார்கள். ஸ்கேன் முடிந்ததும் அதைத் திறக்க மறந்து வார்டுக்கு அனுப்பிவிட்டால், அந்த மனிதர் வலியில் துடிப்பார். இன்னொரு தவறு எங்கும் நடப்பது: ஸ்ட்ரெச்சர் மாற்றும்போது குழாயின் முனையில் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பது. பைக்குள் இருப்பது திரும்ப உள்ளே போய்த் தொற்று வரும். எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். வீல்சேர் என்றால் ஆளை எழுப்பும் முன் இரண்டு பக்கமும் பிரேக் போட வேண்டும்.

பெயர் கேட்கும் முறையும் பழக்கம்தான். 'செல்விதானே?' என்றால் காது மந்தமான பாட்டியும் தலையாட்டிவிடுவார். 'உங்க பேர் என்னம்மா, வயசு என்ன' என்று அவர் வாயால் சொல்லவைத்து, ஓ.பி. சீட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரே நாளில் மூன்று செல்விகள் வருவது நம் பக்கத்தில் சாதாரணம்.

நிறைமாதக் கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்க வைத்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். 20 வாரத்துக்கு மேல் யாருக்கும் இது வரலாம். 'கிறுகிறுன்னு வருது' என்பார், முகம் வெளுக்கும், வேர்க்கும். அந்த நொடியே இடது பக்கம் ஒருக்களிக்க வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். முன்கூட்டியே வலது இடுப்புக்கடியில் ஒரு சின்னத் தலையணை வைத்தால் பெரும்பாலும் வராது. வயிற்றில் நீர் கோர்த்தவருக்கும் மூச்சு வாங்குகிறவருக்கும் தலைப்பக்கத்தை உயர்த்தியே வைக்க வேண்டும்.

சேலை கட்டியவரிடம் 'பாவாடை நாடாவை மட்டும் தளர்த்திக்கங்கம்மா' என்று சொல்லித் துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றால் போதும். தேவையான இடம் தவிர மற்றதை மூடியே வைக்க வேண்டும், ஜெல் படாமல் துணியில் ஒரு மடிப்புச் செருக வேண்டும். டாக்டர் ஆணாக இருந்தால் மகள் அந்த அறையை விட்டு நகரக் கூடாது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்துப் பெண்கள் இதை முதலிலேயே கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அதே மரியாதை உண்டு.

ஜெல் பாட்டில் நுனி தோலில் படக் கூடாது. காலி பாட்டிலில் திரும்ப நிரப்பக் கூடாது, கிருமி வளரும். புண் உள்ள இடத்தில் ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) பாக்கெட் ஜெல் மட்டுமே. புரோபை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் முதலில் ஜெல் போகத் துடைத்து, அப்புறம் கம்பெனி சொன்ன கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். கைக்குக் கிடைத்தது என்று ஸ்பிரிட் போட்டால் முன்பக்க ரப்பர் வெடித்துப் புரோபே வீணாகலாம்.

கருவின் இதயத் துடிப்பு தெரியவில்லை என்று திரையில் பார்த்தாலும் மகள் முகத்தில் காட்டக் கூடாது. 'டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்கம்மா, நான் கூடவே இருக்கேன்' என்பது போதும். 'ஒண்ணுமில்லை, எல்லாம் நல்லா இருக்கு' என்ற பொய் ஆறுதல் பிறகு கோபமாகத் திரும்பும்.

குழந்தை ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ சைகையாலோ வேறெப்படியுமோ தெரிவிப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை. கர்ப்பிணியின் மாமியார் வெளியே வைத்துக் கையைப் பிடித்துக் கேட்பார், பணமும் நீட்டுவார். சிரித்துச் சமாளிக்காமல், 'தெரிஞ்சாலும் சொல்லக்கூடாதும்மா' என்று ஒரே வரியில் முடிக்க வேண்டும். கர்ப்பிணி ஸ்கேனுக்கு அந்தச் சட்டம் கேட்கும் படிவம் எஃப்-பை முழுசாக நிரப்பப் பழகுவதும் இதோடு சேர்ந்தது. ஒரு கட்டம் விட்டுப்போனாலும் சென்டருக்குத்தான் சிக்கல்.

வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ போகும் எண்ணம் இருந்தால் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு தனி. அதற்குக் கேட்கும் அனுபவச் சான்றிதழ் இங்கே செய்த வேலையிலிருந்துதான் வரும். இப்போதைக்கு, அடுத்த லீவுக்கு வரும்போது லாக் புக்கை (பயிற்சியில் செய்த வேலைகளைக் குறித்துக் கையெழுத்து வாங்கும் நோட்டு) எடுத்துவரச் சொல்லுங்கள். நோயாளியை ஸ்ட்ரெச்சர் மாற்றுவது, ஆக்சிஜன் சிலிண்டர் பார்ப்பது, முதலுதவி இவற்றுக்கு எதிரே கையெழுத்து இல்லையென்றால், இண்டர்ன்ஷிப் முடிவதற்குள் பொறுப்பாளரிடம் அவளே கேட்டு அவற்றைச் செய்து முடிக்கட்டும்.