பூசணம் பிடித்த மூட்டையும் பில் இல்லாத கடையும்

தீவனம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கடலைப் புண்ணாக்கு மூட்டைக்கு 300 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். உள்ளே அங்கங்கே பச்சையாகப் பூசணம். வெயிலில் காயவைத்துப் பசுவுக்குப் போடலாமா?

கூடாது. காய்ந்தால் பூசணம் உதிரும், விஷம் புண்ணாக்கிலேயே இருக்கும்.

மழையில் நனைந்த மக்காச்சோளம். அவித்துப் போட்டால் சரியாகிவிடும், மாட்டுக்குத்தானே என்கிறார் வியாபாரி.

இந்த "மாட்டுக்குத்தானே" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரியும். பூசணம் சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அழியாது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன, என்ன நோய் என்றே புரியாமல் 'டர்க்கி எக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், கடைசியில் பார்த்தால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை, அது சுரந்த விஷம். மாடு வான்கோழி மாதிரிப் பொத்தென்று விழாது. ஈரல் கெடும், தீனி குறையும், கறவை இறங்கும், போட்ட தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. நாம் தண்ணீரை மாற்றிப் பார்ப்போம், திருஷ்டி கழிப்போம். அதற்குள் அந்த விஷத்தில் ஒரு பங்கு எம்1 என்று உருமாறிப் பாலில் இறங்கியிருக்கும், காய்ச்சினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதே மக்காச்சோளத்தைத் தின்ற நாய்களும்தான். மாட்டுக்குத்தானாம்!

புதுத் தீவனம் போட்ட பத்தே நாளில் 60 வாத்துக் குஞ்சுகள் போய்விட்டன. பில் இருக்கிறது. நீங்கள் வைத்திருந்த இடம் ஈரம் என்று கைகழுவுகிறார்கள்.

உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. இந்த விஷத்துக்கு முதலில் மடிவது வாத்துக் குஞ்சுதான். செத்ததைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பிரேதப் பரிசோதனை அறிக்கை வாங்குங்கள். பிரிக்காத மூட்டை இருந்தால் தொடாதீர்கள், அவர்கள் வாயை அடைக்க அதுதான் சாட்சி. பிரித்த மூட்டையில் ஒரே இடத்தில் அள்ளாமல் பல இடத்தில் அள்ளிக் கலந்து, காகித உறையில் போட்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு, வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பிழைப்புக்காகச் சுயதொழிலாக வளர்க்கிறேன் என்பதை மனுவில் மறக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு கிளம்பும்.

விஷத்தைப் பிடித்துவைக்கும் என்று தீவனத்தில் கலக்கிற டாக்சின் பைண்டர் கலந்தால் மட்டமான சோளம் வாங்கலாமா?

களிமண் வகை பைண்டர் அஃப்ளாடாக்சினை ஓரளவு பிடிக்கும், மற்ற பூஞ்சை விஷங்கள் பலவற்றிடம் அதன் பாச்சா பலிக்காது. அதை நம்பி மட்டமான சரக்கு வாங்குவது குடை இருக்கிறது என்று ஆற்றில் இறங்குவது போல.

தேதி முடிந்த நாய்த் தீனி, உதிரியாகப் பாதி விலை. பில் கேட்கவில்லை. நாய் இப்போது வாந்தி எடுக்கிறது, கண் மஞ்சளாக இருக்கிறது. கடைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?

தேதி முடிந்தது தெரியும், பில்லும் கேட்கவில்லை, எதை வைத்து வழக்கு? முதலில் நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள், மஞ்சள் என்றால் ஈரலாக இருக்கலாம். ரொம்பவும் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை, ஒரு ஐப்பசியில் மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு மூட்டை சோளம் துண்டுச் சீட்டில் வாங்கி வந்தேன், பிரித்தால் புகை மாதிரித் தூசி பறந்தது. திரும்பக் கொண்டுபோனேன். "இது எங்க கடைச் சீட்டே இல்லையே சார்" என்றார்.