டயர் விலையைக் கேட்காதீங்க, வண்டி கடையை விட்டு வெளியே வர எவ்வளவுன்னு கேளுங்க

கேள்வி: அண்ணாச்சி, எனக்குத் தக்கலை பக்கம். 2019 மாடல் ஸ்விஃப்ட், 165/80 ஆர்14 டயர், 48,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. மழையில் பிரேக் பிடித்தால் வண்டி கொஞ்சம் வழுக்கிப் போய்த்தான் நிற்கிறது. நாகர்கோவிலில் ஒரு கடையில் டயர் ஒன்று 4,350 ரூபாய் என்கிறார்கள், மார்த்தாண்டத்தில் அதே கம்பெனி, அதே மாடல் 4,700. நாலு டயருக்கு 1,400 ரூபாய் வித்தியாசம் வருகிறது. பேசாமல் நாகர்கோவிலிலேயே மாட்டிவிடட்டுமா?

பதில்: மாட்டலாம் தம்பி, ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கடைக்கும் இன்னொரு தடவை ஃபோன் போடுங்கள். இந்தத் தடவை டயர் எவ்வளவு என்று கேட்க வேண்டாம். "நாலு டயரும் மாட்டி, புது வால்வு போட்டு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் பார்த்து, ஜிஎஸ்டி பில்லோடு வண்டி வெளியே வர மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பேலன்சிங் என்றால் சக்கரம் ஆடாமல் சுற்ற எடையைச் சமன் செய்வது, அலைன்மென்ட் என்றால் சக்கரங்கள் நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சரி செய்வது. போன வருஷம் நானும் உங்களை மாதிரி குறைந்த விலை சொன்ன கடைக்குத்தான் போனேன். மாட்டுக்கூலி தனி, வால்வு தனி, பேலன்சிங்குக்கு ஒட்டுகிற ஈயக்கட்டிக்குக் கிராம் கணக்கில் தனி, அலைன்மென்ட் தனி, கேட்காமலே அடித்த நைட்ரஜனுக்குத் தனி என்று கடைசியில் 1,650 ரூபாய் ஏறியது. உங்கள் மார்த்தாண்டம் கடைக்காரர் 4,700-இல் இதெல்லாம் அடக்கம் என்று சொல்லிவிட்டால் அவர்தான் உங்களுக்கு மலிவு.

அடுத்தது தேதி. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் சலிக்க மாட்டேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 1825 என்று இருந்தால் 2025-ஆம் வருஷத்தின் 18-ஆவது வாரம், அதாவது ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் செய்த டயர். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கம்தான் இருக்கும். என் வண்டிக்கு எடுத்து வைத்த நாலில் மூன்றை நான் நின்றபடியே பார்த்துவிட்டேன், சரியாக இருந்தது. நாலாவதைக் கடைப் பையன் அதற்குள் ரிம்மில் ஏற்றி, எண் உள்பக்கம் போகிற மாதிரி வைத்துவிட்டான். குனிந்து ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் 0823. மற்ற மூன்றும் 2024 கடைசியில் செய்தவை, இது மட்டும் 2023 பிப்ரவரிச் சரக்கு. கழற்றச் சொன்னதற்கு, ரிம்மில் ஏற்றிய டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று முதலாளி அரை மணி நேரம் வாதாடினார். அதனால் ஏற்றும் முன்பே நாலு எண்ணையும் பாருங்கள், ஃபோனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பழசு வரை வாங்கலாம் என்று கேட்டால், ஆறேழு மாதம் வரை எந்தப் பிரச்சினையும் இல்லை, வெயில் படாமல் நிழலில் அடுக்கி வைத்த டயர் அதற்குள் கெட்டுப்போகாது. ஒரு வருஷம் தாண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லி வாங்குவேன், கடைக்காரருக்கும் அதைத் தள்ளிவிட வேண்டிய தேவை இருக்கும், நன்றாகவே குறைப்பார். இரண்டு வருஷம் தாண்டியதை என்ன விலைக்குக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

எந்த டயர் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆனி ஆடிச் சாரலும் நமக்குத்தான், ஐப்பசி கார்த்திகை மழையும் நமக்குத்தான். அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து நிழலில் போகிற ரோட்டில் மழை விட்ட பிறகும் ஈரம் காய்வதில்லை. நம் ஊருக்கு ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற டயர்தான் வேண்டும். கூட பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று விற்கிற டயர்கள் பலவற்றில் ரப்பர் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அதற்கு விலையாக ஈரப்பிடிப்பில் கொஞ்சம் போய்விடும். அளவுக்குப் பக்கத்தில் 85டி என்கிற மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை. வண்டியோடு வந்த டயரில் இருப்பதைவிட இந்த இரண்டும் குறைவாக இருக்கவே கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை பேசும்போது இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரியோடு 5,000 ரூபாய்க்கு விற்ற டயர் அந்தக் கணக்கில் 4,609 ரூபாய்க்கு வந்திருக்க வேண்டும். பழைய விலைப் பட்டியலைக் காட்டி "உங்களுக்காக 300 ரூபாய் குறைக்கிறேன்" என்று சொன்னால், அதில் அவர் கையிலிருந்து கொடுப்பது ஒன்றும் இல்லை. எந்த மாதப் பட்டியல் என்று கேட்டுவிட்டு, புது வரிக் கணக்கில் வருகிற விலைக்குக் கீழே பேசுங்கள். பழைய டயரையும் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள், குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் படகுகளின் பக்கவாட்டில் தொங்குவதெல்லாம் பழைய டயர்தான், அதை வாங்க ஆள் இருக்கிறது. நாலுக்கும் சேர்த்து ஒரு தொகை கழிக்கச் சொல்லுங்கள்.

கையில் காசு இடித்தால் இப்போதைக்கு இரண்டு போதும். ஆனால் புது டயர் இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது, புதுசை முன்னால் போடலாமே என்று கடையிலேயே சொல்வார்கள். ஈர ரோட்டில் முன்னால் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஓரளவு அடங்கிவிடும், பின்னால் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதை நம்மை மாதிரி ஆட்களால் திருப்பிப் பிடிக்க முடியாது. அப்புறம், பழைய டயரில் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் அலைன்மென்டும் அடிப்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது டயரும் அதே மாதிரி தேய்ந்துவிடும்.

கேள்வி: கருங்கலில் இருந்து எழுதுகிறேன். ஏழு வருஷ ஆல்டோ, பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவது மட்டும்தான், 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டயர் பட்டன் (ரோட்டில் படுகிற மேடுபள்ளம்) அப்படியே இருக்கிறது. சர்வீஸில் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை டீச்சர், இந்தத் தடவை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டன் தேய்ந்ததா என்பதற்கு ஒரு அளவு உண்டு, பள்ளங்களுக்கு நடுவே ஒரு சின்ன மேடு இருக்கும், அதுதான் 1.6 மில்லிமீட்டர் குறி, பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் சட்டப்படியே மாற்ற வேண்டும். உங்களுடையது அந்த இடத்துக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும். ஆனால் ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகிறது. வெயிலில் நிற்கிற வண்டிக்கு இன்னும் வேகமாக ஆகிறது. நாளைக்குக் காலையில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்திவிட்டு, முன்டயரின் பள்ளங்களுக்கு அடியையும் பக்கவாட்டையும் பாருங்கள். காய்ந்த குளத்து மண் மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரியும், நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்காது. அப்படி இருந்தால் மாற்றிவிடுங்கள். ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷத்துக்கு ஒரு முறை இப்படிப் பார்க்க வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஆல்டோ டயர் சின்னது, செலவும் கம்மி. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி டீச்சர், இதில் யோசிக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் களியக்காவிளை. திருவனந்தபுரத்தில் டயர் விலை குறைவு என்கிறார்களே, போய் வாங்கலாமா?

பதில்: 2017 ஜூலைக்கு முன்னால் இரண்டு மாநிலத்திலும் வரி வேறு வேறு, அப்போது அந்தப் பேச்சில் அர்த்தம் இருந்தது. இப்போது அங்கேயும் இங்கேயும் ஒரே ஜிஎஸ்டி. பெரிய ஊரில் கடைகள் அதிகம், போட்டியில் ஒரு கடைக்காரர் குறைத்துக் கொடுத்தால் உண்டு, அவ்வளவுதான். அங்கே வேறு வேலையாகப் போனால் விலை கேளுங்கள், அந்த விலையைக் கொண்டுவந்து இங்கே பேசுங்கள். நாளைக்கு ஒரு குறை என்றால் வாங்கின கடைக்குத்தான் போய் நிற்க வேண்டும், கடை பக்கத்தில் இருப்பது நல்லது. ஆன்லைனில் வாங்குவதற்கும் இதே பதில்தான், கூடுதலாக அங்கே தேதியைப் பார்த்து எடுக்கவும் முடியாது.

கேள்வி: குலசேகரத்தில் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறேன். ஷீட் விலை இறங்கும்போது எங்கள் வயிறு எரிகிறது, ஆனால் டயர் விலை மட்டும் இறங்குவதே இல்லை. ஏன்?

பதில்: நியாயமான கோபம். கார் டயரில் நம் மரத்துப் பாலில் இருந்து வருவது ஒரு பங்குதான். செயற்கை ரப்பர், கார்பன் கறுப்பு, நைலான், பாலியஸ்டர் நூல், இரும்புக் கம்பி எல்லாம் சேர்ந்ததுதான் டயர், இவற்றில் பலவும் கச்சா எண்ணெய் விலையோடு போகிறவை. லாரி டயரில்தான் இயற்கை ரப்பர் கூடுதலாகப் போகிறது. ஆனால் இது முழுக் கதை இல்லை. லாரி, பஸ் டயர் விலையில் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதாக இந்தியப் போட்டி ஆணையம் ஐந்து பெரிய டயர் கம்பெனிகளுக்குச் சுமார் 1,788 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2018-இல் போட்ட உத்தரவு, 2022 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே வருஷக் கடைசியில் அதை மறுபடி விசாரிக்கச் சொல்லி ஆணையத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, உங்களுக்கு வருகிற சந்தேகம் அரசாங்க அமைப்புக்கும் வந்த சந்தேகம்தான்.

கேள்வி: குளச்சலில் சொந்த டாக்சி ஓட்டுகிறேன். புது டயர் மாட்டி 20 நாள், பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துவிட்டது. கடைக்காரர் "பள்ளத்தில் விட்டிருப்பீங்க, அதுக்கு வாரன்டி இல்லை" என்று அனுப்பிவிட்டார். பில்லிலும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. டாக்சி என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது என்கிறார்கள்.

பதில்: முதலில் அந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியைப் போடுங்கள் அண்ணே. புடைப்பு என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, காற்றை வெறும் ரப்பர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது, எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. சவாரியை அதில் ஏற்றாதீர்கள்.

பள்ளத்தில் அடிபட்டும் இப்படி வரும், நம் ரோடுகளைப் பார்த்தால் கடைக்காரர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அடிபட்ட டயருக்குச் சாதாரண வாரன்டி பொருந்தாது, தயாரிப்புக் குறைக்குத்தான் பொருந்தும். ஆனால் இது எது என்று கடைக்காரர் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. கிளெய்ம் பதிவு செய்து, கம்பெனி ஆள் வந்து பார்த்து, காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு அடிபட்டாலும் மாற்றித் தருகிற திட்டம் வைத்திருக்கின்றன, வாங்கின உடனே பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் டயருக்கு அது உண்டா என்று வாரன்டி அட்டையில் பாருங்கள்.

பில்லில் அடித்திருக்கிற அந்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே குற்றம்தான். உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள்.

டாக்சி என்பதால் முடியாது என்று சொன்னதும் சரியில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுகிற வண்டிக்கு வாங்கினவரையும் சட்டம் நுகர்வோர் என்றே கணக்கில் எடுக்கிறது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர் என்றால் கதை வேறு. முதலில் 1915-க்கு ஃபோன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், காசு இல்லை, தமிழிலும் பேசலாம். அதில் முடியவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும்.

அதுவரைக்கும் அந்த டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கிளெய்முக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் டயரில் உள்ள வரிசை எண்ணைக் குறித்து ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். புடைப்பும், தேதி எண்ணும், ரிம்மில் அடிபட்ட தடம் இல்லை என்பதும் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஆள் என்ன எழுதிக் கொடுத்தார் என்று எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.