ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் பதில்கள்: ஃபோர் டாப்ஸ் ஸ்பெஷல்

சென்ற இதழில் ஃபோர் டாப்ஸ் என்ற அமெரிக்க நால்வர் பாட்டுக் குழுவைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி அவர்களைப் பற்றித்தான். அதனால் இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: அண்ணே, சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த என் சித்தப்பா, ஃபோர் டாப்ஸின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' இசைத்தட்டைக் கொடுத்தார். கேட்டதும் பிடித்துப் போனது. ஆனால் என் நண்பன், "ஹிட் பாட்டுத் தொகுப்பெல்லாம் கம்பெனி காசு பார்க்கப் போடுவது. அசல் ஆல்பம் கேட்பவன்தான் ரசிகன்" என்கிறான். அவன் சொல்வது சரியா?
— கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: தம்பி, வேறு சில குழுக்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

பெர்ரி கோர்டி 1959-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். இவர்கள் பாடிய ஹிட் பாட்டுகள் அங்கே பிறந்தவைதான். அதற்கு முன் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய கம்பெனி ஆல்பத்துக்காக உயிரை விடவில்லை. பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருக்கிற சின்னத் தட்டுக்காகத்தான் உயிரை விட்டது. மூன்று நிமிடத்துக்குள் ஆளைக் கட்டிப்போட வேண்டும். எந்தப் பாட்டு வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். அந்தச் சல்லடையில் தேறியவைதான் ஹிட் பாட்டுகள். ஆல்பம் என்பது பெரும்பாலும் அப்படித் தேறிய இரண்டு மூன்றைச் சுற்றி மற்றவர்கள் பாட்டைப் போட்டு நிரப்பியது. 1967-ல் வந்த அவர்களுடைய 'ரீச் அவுட்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அருமையான பாட்டுகள் இருக்கின்றன. கூடவே மங்கீஸ் குழுவின் ஹிட் பாட்டுகள் இரண்டையும் இவர்களே பாடி வைத்திருக்கிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்காக அலையவும் வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கும் தொகுப்பும் 1967-ல் வந்ததுதான். 1964 முதல் அந்த வருடம்வரை இவர்கள் பாடியதில் சிறந்தவை ஒரே இடத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை எழுதியது ஹாலண்ட்–டோசியர்–ஹாலண்ட் என்ற மூவர் அணி. 1968 தொடக்கத்தில் இந்தத் தொகுப்பு பிரிட்டனில் ஆல்பம் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. அடுத்து அதே இடத்தைப் பிடித்தது சுப்ரீம்ஸ் குழுவின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. இரண்டுமே மோடவுன், இரண்டுமே தொகுப்பு. அந்த ஊர் ஜனங்களுக்கும் விஷயம் புரிந்திருக்கிறது.

டவுன் ஹால் ரோடு பக்கத்துச் சந்தில் நான் ரெக்கார்டிங் சென்டர் நடத்திய காலத்தில், ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிட கேசட்டில் அடங்க வேண்டும். ஒரே வேகத்துப் பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் நல்ல பாட்டும் சப்பென்று ஆகிவிடும். சோகப் பாட்டுக்குப் பிறகு எதை வைப்பது, பக்கம் முடியும் இடத்தில் எதை வைப்பது என்று யோசித்துத்தான் பதிவு செய்வேன். அந்த வேலை செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நல்ல தொகுப்பு என்பது ஒருவர் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் செய்த காரியம். அதை ரசிப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். முதலில் 1964-ல் வந்த 'பேபி ஐ நீட் யுவர் லவிங்'. மோடவுனில் இவர்களுக்கு முதல் ஹிட் அதுதான். அப்புறம் 1965-ன் 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்', அதை ஒட்டியே 'இட்ஸ் தி சேம் ஓல்ட் சாங்'. இரண்டும் ஒரே ஜாடையில் இருப்பது காதில் விழும். முந்தையது அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும், இவர்கள் முன்பு பாடிக்கொண்டிருந்த கம்பெனி தன்னிடம் கிடந்த பழைய பதிவைத் தூசி தட்டி வெளியிட்டது. அதை முந்துவதற்காக மோடவுன் ஒரே நாளில் ஒரு பாட்டை எழுதிப் பதிவு செய்தது. அதுதான் 'இட்ஸ் தி சேம் ஓல்ட் சாங்'. அவசரத்தில் பிறந்தாலும் இன்றுவரை நிற்கிறது.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேட்டு 'ரீச் அவுட் ஐல் பீ தேர்' கேட்டேன். முன்னணிப் பாடகர் கத்துகிறார். இதை எப்படி நல்ல குரல் என்கிறீர்கள்?
— பாட்டு டீச்சர், பழங்காநத்தம்

பதில்: டீச்சர், உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. லீவை ஸ்டப்ஸுக்கு இயல்பிலேயே கனத்த குரல், பாரிடோன் என்பார்கள். அவருக்கு வசதியான சுருதியில் எழுதியிருந்தால் சொகுசாகப் பாடிவிட்டுப் போயிருப்பார். ஹாலண்ட்–டோசியர்–ஹாலண்ட் வேண்டுமென்றே கட்டையை ஏற்றி எழுதினார்கள். எட்டாத இடத்தை எட்டுவதற்கு அந்தக் குரல் படும் பாடு இருக்கிறதே, அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. இந்தப் பாட்டில் பாப் டிலன் மாதிரி பாதி பேச்சாக, பாதி கூவலாகப் பாடச் சொன்னதாக லமான்ட் டோசியரே சொல்லியிருக்கிறார். "உனக்குப் போக்கிடம் இல்லையா, நான் இருக்கிறேன்" என்று ஒருவன் சொல்கிற பாட்டு. அதை அலுங்காமல் நலுங்காமல் பாடினால் யார் நம்புவார்கள்? 1966 அக்டோபரில் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் முதலிடம் போனது.

1922-ல் மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் உச்சத்தில் நின்று முழுக் குரலில் பாடும்போது, திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் நாலு தெருவுக்குக் கேட்குமே, அதை நாம் யாரும் கத்தல் என்று சொன்னதில்லை. லீவையையும் அதே மரியாதையோடு கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பின்னால் ஒலிக்கும் சேர்ந்திசையில் மற்ற மூன்று ஆண்களோடு பெண் குரல்களும் இருக்கின்றன. அவர்கள் ஆண்டான்டீஸ் என்ற மூன்று பெண்கள்: ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பாரோ, லூவெய்ன் டெம்ப்ஸ். எத்தனையோ மோடவுன் பாட்டுகளில் பாடியும் தட்டின் உறையில் பெயர் போடப்படாதவர்கள். நீங்கள் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லிக்கொடுப்பவர். இந்தப் பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: குழுவில் ஒருவர் பெயர் பக்கீர் என்று பார்த்தேன். நம்மவரா?
— வாசகர், கோரிப்பாளையம்

பதில்: பாதி நம் பக்கம்தான். அப்துல் 'டியூக்' ஃபக்கீர் 1935-ல் டெட்ராய்ட்டில் பிறந்தார். அப்பா இன்றைய பங்களாதேஷிலிருந்து போனவர், அம்மா ஆப்பிரிக்க அமெரிக்கர். இவர், லீவை, ஓபி பென்சன், லாரன்ஸ் பேட்டன், இந்த நால்வரும் 1950-களில் சேர்ந்தவர்கள். 1997-ல் பேட்டன் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கும் மேலாக, ஆள் மாறவே இல்லை. கம்பெனி லாஸ் ஏஞ்சலீஸுக்கு இடம்பெயர்ந்தபோதும் இவர்கள் சொந்த ஊரை விட்டுப் போகவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கடைசியாக இருந்த ஃபக்கீர் 2024-ல் காலமானார்.

கேள்வி: என்னிடம் பெரிய ஸ்பீக்கர் இல்லை. சின்ன பெட்டி ஒன்றுதான். அதில் கேட்டால் போதுமா?
— டீக்கடைக்காரர், வாடிப்பட்டி

பதில்: தாராளமாகப் போதும் அண்ணாச்சி. கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துத்தான் மோடவுனில் பாட்டை முடிவு செய்வார்கள். மோனோ பதிவு, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்த பதிவு, கிடைத்தால் அதையே வாங்குங்கள், கடைக்கு அதுதான் தோது.

கேள்வி: 'பெர்னடெட்' பாட்டு முடியப்போகும் இடத்தில் பட்டென்று நின்று மறுபடி வருகிறது. தட்டில் கோளாறா? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாமா?
— வாசகி, மேலூர்

பதில்: திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா! பாட்டே அப்படித்தான். எல்லாம் அடங்கி முடிந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் லீவை "பெர்னடெட்!" என்று கூப்பிடுவார், பாட்டு மறுபடி எழுந்துகொள்ளும். தெரிந்தே செய்தது. 1967-ல் ரேடியோவில் முதல்முறை கேட்டவர்கள் எப்படித் திடுக்கிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தட்டை வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்துத் தந்தியைச் சுண்டுவார். ஓர் இடத்தில்கூட அவர் சும்மா நிற்பதில்லை, லீவையின் ஒவ்வொரு வரிக்கும் கீழே தனியாக ஒரு பாட்டு ஓட்டிக்கொண்டிருப்பார். மோடவுன் வாத்தியக்காரர்களின் பெயர்கள் உறையில் முதலில் வந்தது 1971-ல், பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில். அதன் தலைப்புப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர் நம் ஃபோர் டாப்ஸின் ஓபி பென்சன். அதையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.