மாமாவின் 5 ஆல்பமும் மருமகனின் 2 ஆல்பமும்

கேள்வி: மெட்டாலிக்கா என்ற ஹெவி மெட்டல் குழு என்றால் 1983 முதல் 1991 வரை வந்த 5 ஆல்பம்தான், அதோடு சரி என்பது என் கட்சி. என் அக்காள் மகனோ 2016, 2023 ஆல்பங்களும் அதே தரம் என்று அடித்துச் சொல்கிறான். ஞாயிறு தவறாமல் பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் ஆறிப்போகும் வரை இதே வாக்குவாதம். 2008 ஆல்பத்தை டிஸ்க்காக வாங்கிக் கேட்டேன். இரண்டு பாட்டுக்கு மேல் காது தாங்கவில்லை. அதன்பிறகு வந்ததை நான் தொடவில்லை. அவன் எல்லாவற்றையும் காரில்தான் கேட்பான். தீர்ப்பு சொல்லுங்கள்.
— செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு ஆல்பமாக வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. 'ரைட் தி லைட்னிங்' (1984), 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) இரண்டுக்கும் ஈடான முழு ஆல்பம் 1991-க்குப் பிறகு வரவில்லை. தனித்தனிப் பாட்டாக எடுத்தால் மருமகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கில் வாதாட இப்போதைக்கு உங்களுக்கு உரிமை இல்லை. 2016, 2023 ஆல்பங்களை நீங்கள் கேட்கவே இல்லை. 2008 டிஸ்க்கின் மேல் வந்த கோபத்தை அடுத்த இரண்டின் தலையிலும் சேர்த்துக் கொட்டுகிறீர்கள்.

அந்தக் கோபம் நியாயமானது, அதையும் சொல்ல வேண்டும். காது தாங்கவில்லை என்கிறீர்களே, அதற்குக் காரணம் பாட்டு அல்ல, 'டெத் மேக்னட்டிக்' டிஸ்க்கில் ஒலியை ஏற்றிய விதம். சிடியில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு; அதற்கு மேல் போக இடமில்லை. இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால், டிரம்ஸ் அடியின் உச்சிகளை அமுக்கிவிட்டு மொத்த ஒலியையும் தூக்குவார்கள். அளவோடு செய்தால் தெரியாது. இதில் அளவு மீறி, உச்சிகள் வெட்டுப்பட்டே போயின. உங்கள் டிஸ்க்கிலிருந்து ஒரு பாட்டை 'அடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 1986 டிஸ்க்கின் பாட்டு மேடும் பள்ளமுமாக, ஸ்னேர் (டிரம்ஸ் செட்டில் 'டக்' என்று அடிக்கும் சிறு முரசு) அடிக்கும் இடமெல்லாம் ஊசி ஊசியாக நிற்கும். 2008 பாட்டு, வீட்டு முன்னால் கத்தரித்துவிட்ட செம்பருத்தி வேலி மாதிரி மேலும் கீழும் சமமாக இருக்கும். வெட்டுப்பட்ட இடங்களைக் காட்டும் வசதியைப் பார்வை மெனுவில் போட்டுவிட்டால் சிவப்புக் கோடுகள் அடர்ந்து நிற்பதைக் காணலாம். உச்சி போன ஸ்னேர் 'டக்' என்று விழாது, 'கர்' என்று கரகரக்கும். கிட்டாரும் டிரம்ஸும் ஒரே உயரத்தில் நிற்பதால் காதுக்கு இளைப்பாற ஓர் இடமில்லை. உங்களை இரண்டாவது பாட்டிலேயே எழுப்பிவிட்டது அதுதான்.

இது உங்கள் ஒருவரின் குறை அல்ல. ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் செய்யச் சொல்லி அப்போதே ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். தம்மிடம் வந்து சேரும்போதே ஒலி நசுங்கியிருந்தது என்று மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்த டெட் ஜென்சன் ஒரு ரசிகருக்கு எழுதிய பதிலும் வெளியானது. அதே ஆண்டு 'கிட்டார் ஹீரோ' விளையாட்டுக்காகக் கொடுத்த அதே பாட்டுகளில் இந்த நசுக்கல் இல்லை. சத்தத்துக்கும் மென்மைக்கும் உள்ள இடைவெளியை டி.ஆர். என்ற எண்ணால் அளப்பார்கள்: டிஸ்க்குக்கு 3, விளையாட்டில் இருந்ததற்கு 12. வாசிப்பு ஒன்றுதான், பாட்டும் ஒன்றுதான். 2015-ல் ஐடியூன்ஸுக்காக வந்த பதிப்பிலும் நசுக்கலைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதைக் கேட்டபிறகு அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுங்கள். டி.ஆர். எண்ணை நீங்களே அளக்க 'ஃபூபார்' பிளேயருக்குத் துணை நிரல் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பழைய இசைத்தட்டிலிருந்து (வினைல்) பதிந்த கோப்பை அதில் போடாதீர்கள். ஊசி வழியே வரும்போது அலையின் வடிவம் மாறி, நசுங்கிய ஒலிக்கும் நல்ல எண் காட்டும்.

மருமகன் காரில் கேட்பதற்கு வருவோம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் டயர் சத்தம், ஏர்கான் சத்தம், பக்கத்தில் லோரி. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டின் நடுவே கிட்டார் மெதுவாகத் தனித்து வரும் பகுதி இருக்கிறதே, அது அந்த இரைச்சலில் மூழ்கிப் போகும். நசுக்கிய புதிய பாட்டு மூழ்காது. காரில் கேட்டுவிட்டு 'புதுசுதான் கெத்தா இருக்கு' என்றால், பாட்டின் தரம் அதில் பாதிகூட இல்லை. ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு ஒருமுறை மட்டும் ஒன்றிரண்டு டெசிபெல் கூட்டி வைத்தாலும், சத்தம் கூடியதைத்தான் காது 'நல்லது' என்று சொல்லும். ஒலி குறையும்போது பேஸ் என்ற அடிச்சத்தமும் சிம்பல் போன்ற கூர்மையான சத்தங்களும் காதில் முதலில் மங்குவதே காரணம்.

ஆகவே சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் அது ஒப்பீடே ஆகாது. எளிய வழி, ஸ்போட்டிஃபை அமைப்புகளில் ஒலி அளவைச் சமமாக்கும் பொத்தானைப் போட்டு, 'நார்மல்' நிலையில் வைப்பது. யூடியூப் வேண்டாம், சத்தமானதைக் குறைக்குமே தவிர, தாழ்ந்ததை உயர்த்தாது. அதனால் பழைய பாட்டு எப்போதும் ஒரு படி கீழேதான் கேட்கும். இன்னொரு கண்ணி மறுமாஸ்டரிங். முதல் இரண்டு ஆல்பங்களுக்கு 2016-லும், 'பப்பெட்ஸ்'-க்கு 2017-லும், 1988-ன் 'ஜஸ்டிஸ்'-க்கு 2018-லும், 1991 கறுப்பு ஆல்பத்துக்கு 2021-லும் புதுப் பதிப்பு வந்துவிட்டது. செயலியில் வருவது பெரும்பாலும் இதுதான், 1986 டிஸ்க் அல்ல. பழைய அச்சு வேண்டுமென்றால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிக் கடைகளில் தேடுங்கள். பின்னட்டையில் 'ரீமாஸ்டர்ட்' என்ற சொல் இருக்கக் கூடாது.

நினைவையும் கொஞ்சம் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கேசட்டில் கேட்டவர் என்றால், பிளேயரின் வேகம் 6 விழுக்காடு கூடினாலே சுதி அரைச் சுரம் ஏறிவிடும். 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தில் நண்பர் பதிந்து கொடுத்த 'பப்பெட்ஸ்' என்றால், 45 நிமிடத்தில் டேப் முடிந்திருக்கும். கடைசிப் பாட்டு அதில் இருந்திருக்கவே முடியாது. 2013 ஆகஸ்டில் மெர்டேக்கா ஸ்டேடியத்துக்கு வந்தபோது நீங்கள் போயிருந்தால், பழைய பாட்டுகளை ரெக்கார்டில் உள்ளதைவிட அரைச் சுரம் கீழே கேட்டிருப்பீர்கள். பாடகர் ஹெட்ஃபீல்டின் குரலுக்காக 90-களின் நடுவிலிருந்து மேடையில் அப்படித்தான் சுதி வைக்கிறார்கள்.

சரி, சத்தத்தைச் சமப்படுத்தியாகிவிட்டது. அதன்பிறகும் பழையது ஏன் ஜெயிக்கிறது?

பலரும் 'சரக்கு தீர்ந்துவிட்டது' என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சரக்கு இருக்கிறது, கழிக்க ஆள் இல்லை. கணக்கைப் பாருங்கள். 'ரைட் தி லைட்னிங்' 8 பாட்டு, 47 நிமிடம். 'பப்பெட்ஸ்' 8 பாட்டு, ஏறக்குறைய 55 நிமிடம். 1996-ன் 'லோட்' 14 பாட்டு, 79 நிமிடம். 2003-ன் 'செயின்ட் ஆங்கர்' 75. 2016-ன் 'ஹார்ட்வயர்ட்' 12 பாட்டு, 77. 2023-ன் '72 சீசன்ஸ்' அதுவும் 12 பாட்டு, 77. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம்தான் வசதி. அதைத் தாண்டினால் பள்ளங்கள் நெருங்கும். ஒலியையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். 'பப்பெட்ஸ்' ஒரு பக்கத்துக்கு 27 நிமிடம் போகிறது, அதுவே இழுத்துப் பிடித்த அளவு. அந்தக் கட்டுப்பாடு இருந்ததால் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது. சிடி வந்து 80 நிமிடம் கொடுத்தது, நிரப்பினார்கள்.

கழித்ததால் அமைப்பும் நின்றது. 1984, 1986 இரண்டின் முதல் பக்கத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மென்மையான கிட்டாரில் தொடங்கிச் சீறும் முதல் பாட்டு, ஆல்பத்தின் பெயர் கொண்ட இரண்டாவது, நடையைக் குறைத்துக் கனமாக இறங்கும் மூன்றாவது, மெல்லத் தொடங்கி வேகத்தில் முடியும் நான்காவது. ஒரே அச்சு. ஒவ்வொரு பாட்டும் முந்தையதின் வேகத்தை மாற்றுகிறது. 'ஹார்ட்வயர்ட்' இரண்டாம் டிஸ்க்கில் நடுவேகப் பாட்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) 4 முறை வாசித்தால் போதும் என்ற இடத்தில் 8 முறை வாசிக்கிறார்கள். நாலாவது பாட்டுக்குள் கேட்பவர் சோர்ந்துபோகிறார்.

நீங்களே கழித்துப் பாருங்கள். அந்த ஆல்பத்திலிருந்து இந்த 7 பாட்டை மட்டும் இதே வரிசையில் ஒரு பட்டியலாகப் போடுங்கள்: 'ஹார்ட்வயர்ட்', 'அட்லஸ், ரைஸ்!', 'நவ் தட் வி ஆர் டெட்', 'மோத் இன்டூ ஃபிளேம்', 'ஹேலோ ஆன் ஃபயர்', 'ஹியர் கம்ஸ் ரிவெஞ்ச்', 'ஸ்பிட் அவுட் தி போன்'. மொத்தம் 45 நிமிடம். மீதி ஐந்தைத் தள்ளிவிடுங்கள். மோட்டார்ஹெட் குழுவின் லெம்மிக்கு அஞ்சலியாக எழுதிய பாட்டும் அதில் போகிறது, வருத்தம்தான். ஆனால் எண்ணம் உயர்ந்த அளவுக்குப் பாட்டு உயரவில்லை. இந்த 45 நிமிடத்தைக் கேட்டுவிட்டு, இதை வாசித்தவர்கள் ஓய்ந்துபோனவர்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? 7 நிமிடம் ஓடும் அந்தக் கடைசிப் பாட்டை 1986 ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். தொடக்கத்தைத் தொடக்கத்தோடு, முடிவை முடிவோடு ஒப்பிடுவதுதான் முறை. உங்கள் நினைவில் நிற்கும் பழைய பாட்டில் சிறந்ததை, புதியதில் கைக்கு வந்ததோடு மோதவிடுவது முறையல்ல.

'செயின்ட் ஆங்கர்' பற்றி இருவருமே பேசவில்லை, நல்லது. ஸ்னேரின் அடித்தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பிச் சுருள்களை விடுவித்துவிட்டு வாசித்திருக்கிறார் டிரம்மர் அல்ரிக். கம்பி தொட்டால்தான் 'சரக்' என்ற வெடிப்பு வரும். விலகினால் காலி பிஸ்கட் டின்னைத் தட்டிய மாதிரி கணகணக்கும். 75 நிமிடம் அந்த டின், அதோடு கிட்டார் தனி வாசிப்பு ஒன்றுகூட இல்லை. அதைக் காப்பாற்ற நான் வரமாட்டேன்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு ஒரு கேள்வி. 1991 ஆல்பத்தை உள்ளே வைத்திருக்கிறீர்கள். தயாரிப்பாளரை பாப் ராக்காக மாற்றி, வேகத்தைக் குறைத்து, பாட்டுகளைச் சுருக்கிய ஆல்பம் அது. இன்று நீங்கள் சொல்வதை அன்று அதைப் பற்றி முந்தைய ரசிகர்கள் சொன்னார்கள். மாற்றமே கூடாது என்றால் உங்கள் கணக்கு 1988-ல் நின்றுவிட வேண்டும். அந்த 1988 ஆல்பத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப்பிடிக்காதீர்கள். 'ஜஸ்டிஸ்' முழுவதும் அன்றைய பேஸ் கிட்டார் வாசிப்பாளர் நியூஸ்டெட்டின் பேஸ் கேட்காது. கிட்டார் வாசிக்கும் அதே சுரங்களைத்தான் பேஸும் வாசிக்கிறது; மிக்ஸிங்கில் அதைக் கீழே இறக்கிவிட்டார்கள். சமன்படுத்தியில் (ஈக்குவலைசர்) 80 ஹெர்ட்ஸை எவ்வளவு தூக்கினாலும் கிட்டாரின் அடிச்சத்தமும் டிரம்ஸின் உதையும்தான் பெருக்கும், பேஸ் வெளியே வராது. 2018 பதிப்பிலும் திருத்தவில்லை. பாட்டுகள் அபாரமானவை என்பதால் நாம் அதைப் பொறுத்துக்கொள்கிறோம். அந்தப் பொறுமையில் ஒரு பங்கைப் புதியவற்றுக்கும் கொடுங்கள்.

அடுத்த ஞாயிறு கடையில் வேண்டாம், வீட்டில் உட்காருங்கள். மருமகனையும் காரிலிருந்து இறக்குங்கள். மூடிய ஹெட்போன் ஒன்று போதும், இருவரும் மாறி மாறிக் கேட்கலாம். 'பப்பெட்ஸ்' முதல் பக்கம் 27 நிமிடம், பிறகு 10 நிமிடம் சும்மா இருங்கள், பிறகு அந்த 7 பாட்டு. அடுத்த வாரம் '72 சீசன்ஸ்'-ஐ எடுங்கள். அதில் கழிக்க வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் வேலை மருமகனுக்கு. பாதிக்கு மேல் வைத்துக்கொள்ள விடாதீர்கள். கடைசிப் பாட்டு 'இனமோராட்டா' 11 நிமிடம் 10 விநாடி, அவர்களின் சொந்த ஆல்பப் பாட்டுகளிலேயே நீளமானது. நீளத்தைப் பார்த்து அவன் அதைக் கழித்தால் விடாதீர்கள். நடுவில் கிட்டார்கள் விலகிக்கொள்ள, இன்றைய பேஸ் வாசிப்பாளர் ட்ருஹியோவின் பேஸ் முன்னால் வந்து நிற்கும் இடத்தை அவனுக்குக் காட்டிவிட்டு, 'ஜஸ்டிஸ்'-இல் ஒரு பாட்டைப் போட்டு பேஸைத் தேடச் சொல்லுங்கள்.