சுகார்த்தோவுக்குப் பிந்தைய இந்தோனேசியா: வாசகர் கேள்விகள்

கே: நாணய மதிப்பு சரிந்ததால்தான் அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி கவிழ்ந்ததா?

ப: பெருமளவு அதுதான். 1997 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ரூபியா. 1998 ஜனவரியில் அது 10,000-ஐத் தாண்டிவிட்டது. இடையில், சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி 16 வங்கிகளை ஒரே நாளில் மூடினார்கள். அடுத்து எந்த வங்கியோ என்று பயந்த மக்கள், நன்றாக இருந்த வங்கிகளிலும் பணத்தை எடுக்க ஓடினார்கள். அவசரத்தில் எடுத்த மோசமான முடிவு அது. மே மாதம் எரிபொருள் விலையையும் ஏற்றினார்கள், கலவரம் வெடித்தது. 21-ஆம் தேதி சுகார்த்தோ பதவி விலகினார். அந்த ஆண்டு பொருளாதாரம் சுமார் 13 சதவீதம் சுருங்கியது.

கே: முதலில் வந்த மாற்றம் எது?

ப: வாய்ப்பூட்டு கழன்றது. அடுத்து வந்த ஹபிபி ஆட்சியில் பத்திரிகை உரிம முறை ஒழிந்தது. 1999 தேர்தலில் 48 கட்சிகள் நின்றன. அதற்கு முன் கால் நூற்றாண்டாக மூன்றுக்குத்தான் அனுமதி.

கே: அதிகாரத்தை மாகாணங்களுக்குத் தராமல் மாவட்டங்களுக்கு ஏன் தந்தார்கள்?

ப: நல்ல கேள்வி. மாகாணம் பலமானால் பிரிந்து போகுமோ என்ற பயம் ஒரு முக்கியக் காரணம். இந்தோனேசியாவின் மாகாணமாக இருந்த கிழக்குத் திமோர் 1999-இல் வாக்களித்தே பிரிந்தது. எனவே 2001 முதல் பள்ளி, சுகாதாரம், சாலை எல்லாம் பெரும்பாலும் மாவட்டத்தின் கைக்கு வந்தன. சீர்திருத்தங்களிலேயே பெரியது இதுதான் என்பேன். சோலோ நகரில் மரச்சாமான் தொழில் செய்த ஜோக்கோ விடோடோ 2005-இல் மேயரானார், 2014-இல் அதிபரே ஆனார். ஜகார்த்தாவே எல்லாம் என்றிருந்த காலத்தில் இது நடந்திருக்காது. அதிகாரத்தோடு லஞ்சமும் மாவட்டங்களுக்குப் பரவியது என்பதும் உண்மை. சுரங்க அனுமதிகளில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

கே: ராணுவம் ஒதுங்கிவிட்டதா?

ப: தனக்கென ஒதுக்கப்பட்டிருந்த நாடாளுமன்ற இடங்களை 2004-இல் விட்டது. ஆனால் 2025-இல் திருத்திய ராணுவச் சட்டம், பணியிலுள்ள ராணுவ அதிகாரிகளுக்குக் கூடுதல் அரசுப் பதவிகளைத் திறந்துவிட்டிருக்கிறது. எனக்கு இது கவலை தருகிறது.

கே: ஊழல் ஒழிப்பு ஆணையம் இப்போது எப்படி?

ப: 2002 சட்டத்தில் பிறந்த அந்த ஆணையம் அமைச்சர்களையும் ஆளுநர்களையும் சிறைக்கு அனுப்பியது. நாடாளுமன்றத் தலைவராக இருந்த செத்யா நோவாந்தோவுக்கு 2018-இல் 15 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களை அரசுப் பணியாளர்களாக்கியது. மேலே ஒரு மேற்பார்வைக் குழுவையும் வைத்தது. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கியும் சட்டம் நின்றது. அப்புறம், தகுதித் தேர்வில் தேறவில்லை என்று 2021-இல் 50-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். மூத்த புலனாய்வாளர்களும் அதில் அடக்கம்.