அட்டையைப் பார்த்து எழுதுங்கள்: கர்ப்பமும் பி.பி.யும், கேள்வி-பதில்

கேள்வி: பி.பி. கொஞ்சம் அதிகம், மாத்திரை போடுகிறேன். குழந்தைக்கு ஆபத்தா? (வாசகி, திண்டுக்கல்)

பி.பி. எத்தனை? என்ன மாத்திரை? எத்தனையாவது வாரம்? மூன்றையும் எழுதாமல் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். எனலாபிரில், ராமிபிரில், லொசார்ட்டன், டெல்மிசார்ட்டன் என்று இருந்தால் இன்றே மருத்துவரிடம் போய் மாற்றிக்கொள்ளுங்கள். அவை கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீர் வற்றும். லெபிட்டலால், நிபிடிபின், மெத்தில்டோபா என்றால் பயம் வேண்டாம்.

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பே பி.பி. உண்டு. கர்ப்பத்தில் வரும் பி.பி.யும் இதுவும் ஒன்றா?

இல்லை. 20 வாரத்துக்கு முன்பே 140/90 இருந்தால் அது பழைய பி.பி. அப்படிப்பட்டவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்கு மேற்கொண்டு ப்ரீ-எக்லாம்சியாவும் (கர்ப்பத்தில் பி.பி. ஏறி, சிறுநீரகம், ஈரல் போன்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) வருகிறது. 12 வாரம் முடிந்ததும் சிறிய அளவில் ஆஸ்பிரின் எழுதித் தருவது அதற்காகத்தான். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி: உப்புக்குப் பதில் இந்துப்பு சேர்க்கலாமா?

அதுவும் உப்புதான்.

கேள்வி: மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் சொன்னதால் ஐந்தாம் மாதம் நிறுத்திவிட்டேன். இப்போது 150/100. தலைவலி எதுவும் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

இதற்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுவது! மாத்திரை ஆகாது என்கிறார்களே, 150/100 மட்டும் குழந்தைக்கு ஆகுமா? இரத்தம் சரியாகப் போகாத நஞ்சுக்கொடியை நம்பித்தான் உள்ளே ஒரு பிள்ளை வளர்கிறது. எடை ஏறாது. சிலருக்கு நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து உதிரம் கொட்டும். தலைவலிக்காகக் காத்திருக்காதீர்கள், பலருக்கு அது வருவதே இல்லை.

ஒரு பெண் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். பத்தில் இரண்டுதான் கிழிபட்டிருந்தன; அட்டை வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. 34 வாரத்தில் அவசரமாக எடுத்த குழந்தை ஒன்றரைக் கிலோகூட இல்லை. பாட்டி பச்சிளங்குழந்தைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்று, "மாத்திரையால்தான் இப்படி" என்றார். எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்ட முடியவில்லை, இங்கே காட்டுகிறேன்.

அமெரிக்காவில் லேசான பழைய பி.பி. உள்ள சுமார் 2400 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. மாத்திரையால் 140/90க்குக் கீழே வைத்தவர்களுக்குக் குறைப்பிரசவமும் ப்ரீ-எக்லாம்சியாவும் குறைந்தன. குழந்தைகள் இளைத்துப் பிறப்பது கூடவில்லை. மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆனால் முதலில் இன்றே மருத்துவரிடம் போங்கள். 160/110ஐத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிதான்.

கேள்வி: 37 வாரத்தில் பிறந்த மகனுக்கு 2 கிலோ. குதிகாலில் திரும்பத் திரும்பக் குத்துகிறார்களே, பாவமாக இருக்கிறது.

சர்க்கரை பார்க்கிறார்கள். இளைத்துப் பிறந்த பிள்ளைக்குச் சேமிப்பு குறைவு, சட்டென்று சர்க்கரை இறங்கிவிடும். நீங்கள் லெபிட்டலால் எடுத்திருந்தால் இன்னும் கவனிக்க வேண்டும். குத்தட்டும். நீங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுங்கள், போர்த்தி வையுங்கள்.

கேள்வி: பிரசவம் முடிந்துவிட்டது. இனி மாத்திரை எதற்கு?

பிரசவமான மூன்று முதல் ஆறு நாட்களுக்குள்தான் பி.பி. மறுபடி எகிறும், அதுவும் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு. கர்ப்பத்தில் கூடாது என்ற எனலாபிரிலைப் பால் கொடுக்கும்போது நாங்களே எழுதித் தருவதுண்டு. குழம்பிப்போய் நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதி அனுப்புங்கள்.